பிள்ளையைப் பார்க்க வருபவர் பீரோவைத் திறக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியிருப்பவர் பாளையங்கோட்டை மகாராஜ நகர் பக்கம் குடியிருக்கும் ஒரு பெண். கல்யாணமாகிப் பதினாலு மாதம். கணவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவியோடு இருவரும் சம்மதித்தே விவாகரத்து ஆகி மூன்று வருஷம் ஆகிறது. எட்டு வயது மகள் பள்ளிக்கூட நாட்களில் அப்பாவிடம் இருக்கிறாள், சனி ஞாயிறு தென்காசியில் அம்மாவிடம் இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மகளைக் கூட்டிப்போக வரும் அம்மா நேரே அடுக்களைக்குப் போகிறார். தண்ணீர் மோந்து குடிக்கிறார், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கிறார், படுக்கையறைப் பீரோவிலிருந்து மகளின் துணியை எடுத்துக்கொள்கிறார். வீட்டுச் சாவி ஒன்று இன்னும் அவர் கையில் இருக்கிறது. போன மாதம் அப்படிப் பீரோவைத் திறந்தபோது துணிக்கு நடுவில் இருந்த ஸ்கேன் சீட்டைப் பார்த்துவிட்டு, 'எத்தனை மாசம்?' என்று கேட்டிருக்கிறார். அப்போது இந்தப் பெண் தன்னைப் பெற்ற அம்மாவிடம்கூட விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. கணவரிடம் சொன்னால், 'அவ என்ன வேத்தாளா? பிள்ளையோட அம்மதானே' என்கிறார். மாமியார், 'அவ கையால பால் காய்ச்சின வீடு இது' என்கிறார். 'நான் இதைப் பெரிதாக்குகிறேனா? தாயையும் மகளையும் பிரிக்கிறேன் என்று பேச்சு வருமா?' என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, நீங்கள் எதையும் பெரிதாக்கவில்லை. அந்த ஸ்கேன் சீட்டு விஷயத்தைப் படித்தபோது எனக்கே நெஞ்சு அடைத்துக்கொண்டது. வயிற்றில் தங்கியிருக்கிறது என்பதை ஒரு பெண் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பது அவள் மட்டும் முடிவு செய்யும் காரியம். அது உங்கள் கையிலிருந்து போயிருக்கிறது. அந்த அம்மா கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பீரோ திறக்கும் பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். ஆனால் பழக்கத்தில் நடந்தாலும் நடந்தது நடந்ததுதானே.

கணவன் மனைவி தகராறுகளில் சமரசம் பேசும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். நானும் இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டு, இன்னொருவர் பெற்ற மகனை வளர்த்தவள். அந்த இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்: அந்த அம்மாவுக்கு உரிமை இருப்பது பிள்ளையிடம். வீட்டில் அவருக்கு உரிமை இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் எல்லா வில்லங்கமும் பிறக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் 'வேத்தாளா' என்று கேட்கிறாரே, அந்தக் கேள்வியிலேயே அந்தக் குழப்பம் இருக்கிறது. அவர் வேற்றாள் இல்லைதான். அதற்காக வீட்டாள் ஆகிவிடுவாரா?

நம்ம பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, தார்சா (முன்கூடம்), பட்டாசல் (உள்கூடம்), அரங்கு (உள்ளறை), அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பால் கொண்டுவருபவர் திண்ணையோடு திரும்புவார். பாட்டக் கணக்குப் பேச வந்தவர் தார்சாவில் உட்காருவார். சம்பந்தக்காரர்கள் பட்டாசல் வரை வருவார்கள். அரங்குக்குள் நகைப்பெட்டி, வீட்டுப் பத்திரம், பிள்ளை பெற்றவளுக்குப் பாய். அங்கே வீட்டுப் பெண்கள் மட்டும்தான். யாரும் யாரையும் 'உள்ளே வராதே' என்று சொன்னதில்லை, வந்தவரே தன் இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வார். (அந்தப் படிகளில் சாதியும் தீட்டும் ஒட்டிக்கொண்டு இருந்ததை மறக்கவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவும் இல்லை.) இப்போது நாம் கட்டும் வீட்டில் கதவைத் திறந்தால் ஹால், ஹாலில் நாலு எட்டு வைத்தால் படுக்கையறை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒருவர் மரியாதையாக உட்கார இடம் கிடையாது. அதனால் வருகிறவர் ஒன்று வாசலில் நிற்க வேண்டும், இல்லை பீரோ வரை வந்துவிட வேண்டும். முன்னது அவமானமாகிறது, பின்னது அத்துமீறலாகிறது.

ஆகவே முதல் வேலை, உங்கள் வீட்டில் ஒரு தார்சாவை உண்டாக்குவது. மெய்யாகவே சொல்கிறேன். ஹாலில் வாசலை ஒட்டி இரண்டு நாற்காலி, ஒரு சின்ன ஸ்டூல், அதன்மேல் தண்ணீர்ச் சொம்பும் தம்ளரும். வெள்ளிக்கிழமை அவர் வருவதற்கு முன்பே தண்ணீர் அங்கே இருக்கட்டும். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போக வேண்டிய அவசியம் அங்கேயே முடிந்துவிடும். மகளின் துணிமணிக்கு அவள் பெயரில் ஒரு தனி அலமாரி, அதுவும் ஹாலில் அல்லது அவள் படிக்கும் இடத்தில் இருக்கட்டும். உங்கள் பீரோவில் அவள் பாவாடை ஒன்றுகூட இருக்க வேண்டாம். தென்காசிக்குப் போகும் பை வெள்ளிக்கிழமை காலையிலேயே கட்டி வாசல் பக்கம் வைத்தாகிவிட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையே அதைக் கட்டுவாள், கட்டச் சொல்லிக் கொடுங்கள், அவளுக்கும் பெருமையாக இருக்கும். 'உள்ளே போகாதீர்கள்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய பேச்சில் முக்கால்வாசி இப்படியே குறைந்துவிடும்.

மிச்சம் கால்வாசியை உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லவே கூடாது. இதில் நான் கொஞ்சமும் இறங்கிவர மாட்டேன். நீங்கள் சொன்னால் அது இளையாள் மூத்தாளை விரட்டிய கதையாகத் தெருவில் நடக்கும். மாமியார் சொன்னால் சமையலறைச் சண்டை ஆகும். இருவருக்கும் பிறந்த பிள்ளைக்காகத்தான் அவர் வருகிறார் என்றால், வரும் விதத்தைப் பேச வேண்டியவர்கள் அந்தப் பிள்ளையைப் பெற்ற இரண்டு பேர்தான். பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து போனில் பேசட்டும். வெள்ளிக்கிழமை வாசலில் வைத்துப் பேச வேண்டாம். நான் சமரசத்துக்கு வரும் ஆண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்: 'பிள்ளையைக் கூப்பிட வர்றப்ப ஹால்ல உக்காரு. பையோட அவளை நானே கூட்டிட்டு வந்து விடுறேன். உள் ரூமுக்கும் அடுக்களைக்கும் இனி போக வேண்டாம். சாவியை இந்த வாரம் கொடுத்திரு. இது என் பேச்சு, யாரும் சொல்லிக் கொடுத்துப் பேசல.' கடைசி வரியை விட்டுவிட்டால் முழுப் பேச்சும் வீண். ஏனென்றால் எதிர்முனையில் முதலில் வரும் கேள்வியே 'இதை அவ சொல்லச் சொன்னாளா?' என்பதுதான்.

உங்கள் கணவர் ஏன் தயங்குகிறார் என்றும் யோசித்துப் பாருங்கள். அநேகமாக அன்பு மிச்சம் இருப்பதால் அல்ல. நான் பார்த்த ஆண்களில் பலருக்கு அது குற்ற உணர்ச்சி. 'வீட்டை விட்டு அவ போனா, பிள்ளையும் வாரத்துல அஞ்சு நாள் நம்மகிட்ட, இதுல அடுக்களைக்குள்ள வராதன்னு வேற சொல்லணுமா' என்று மருகுவார்கள். அந்தக் கடனை அவர் அடைக்க வேண்டுமானால் தன் கையிலிருந்து அடைக்கட்டும். ஞாயிறு சாயந்திரம் தென்காசிக்குத் தானே போய்ப் பிள்ளையைக் கூட்டி வரலாம், அந்த அம்மாவுக்கு ஒரு பஸ் பயணம் மிச்சமாகும். உங்கள் பீரோவைத் திறந்துவிட்டு அடைக்கிற கடன் எந்த ஊர் நியாயம்? இதைச் சண்டையாகக் கேட்காமல், ராத்திரி சாப்பாடு முடிந்து பிள்ளை தூங்கின பிறகு, அந்த ஸ்கேன் சீட்டு விஷயத்தை மட்டும் சொல்லிக் கேளுங்கள். 'அவ வரக்கூடாதுன்னு சொல்லல. நம்ம விஷயம் நம்மகிட்ட இருக்கணும்னு சொல்றேன்.' பல ஆண்களுக்கு இந்த இடத்தில்தான் புரியத் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள், கொஞ்சம் சொல்கிறேன். 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு பிள்ளை யாரிடம் இருப்பது, யார் எப்படிப் பார்ப்பது என்று கோர்ட் உத்தரவு போட வழி செய்கிறது. அந்த உத்தரவு கல்வெட்டு இல்லை, நிலைமை மாறினால் மாற்றிக் கேட்கலாம். 1956ஆம் வருஷத்து மைனர் காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி பிள்ளையின் நலன்தான் முதல். 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைக்கு அம்மா அப்பா இரண்டு பேரின் பாசமும் கிடைக்க வேண்டும், நேரில் பார்க்க முடியாத நாளில் போனிலும் வீடியோ காலிலும் பேச வழி இருக்க வேண்டும் என்று சொன்னது. ஆகவே வெள்ளிக்கிழமை வருகையையோ தினசரி போனையோ நீங்கள் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் இவை எல்லாம் பேசுவது பிள்ளையைப் பார்ப்பது பற்றி. உங்கள் அடுக்களையைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அது பெரும்பாலும் அரசாங்கத்துக்கு எதிரான உரிமை, பீரோ தகராறுக்கு அதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு அந்தரங்கத்தின் நடுமையமாக எதையெல்லாம் சொல்கிறது தெரியுமா? குடும்ப வாழ்க்கை, திருமணம், பிள்ளைப்பேறு, இல்லம். உங்கள் ஸ்கேன் சீட்டு அந்த நாலையும் தொடுகிறது. 'நான் பெரிதாக்குகிறேனா' என்ற உங்கள் கேள்விக்கு இதையும் ஒரு பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்: வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் போட்டு, பத்திரமும் கூட்டாக இருந்தால் கதை வேறு. 'நான் பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு' என்பது அப்போது வெறும் பேச்சாக இருக்காது. விவாகரத்து மனுவோடு சேர்த்த ஒப்பந்தத்தில் வீட்டைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று கணவரிடம் கேட்டு ஒரு தடவை நீங்களே படியுங்கள். புரியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருஷத்துச் சட்டம் அது.

இனி பொருள்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. உங்கள் அடுக்களையில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். சீர் கொடுக்கும்போது பெயர் வெட்டித்தானே கொடுப்போம். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தார். மூன்று வருஷமாக முதல் மனைவியின் பெயரும் அவர் கல்யாணத் தேதியும் வெட்டிய குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் இடுப்பில் வைக்கும்போது அந்த எழுத்து கையில் படுமாம். அதைச் சொல்லிவிட்டு அழுதார். அந்தக் குடத்தைச் சொந்தக்காரியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீராக வந்த நகையும் பாத்திரமும் அந்தப் பெண்ணின் தனிச் சொத்து என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே குத்துவிளக்கு, அண்டா, குடம், தையல் மெஷின், பழைய ஆல்பம், அவர் படித்த சர்டிபிகேட் என்று எதெல்லாம் அவருடையதோ, ஒரு தாளில் எழுதி, கணவர் கையாலேயே வண்டி வைத்து அனுப்பிவிடட்டும். தன் பொருள் உள்ளே கிடக்கும் வரை உள்ளே வர அவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் மட்டும் ஒரு படம் பிள்ளைக்கு வேண்டும். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் ஒரு போட்டோ அவள் அலமாரியில் இருக்கட்டும். அதைப் பார்த்து நீங்கள் சங்கடப்படக் கூடாது, அது அவளுடைய இடம்.

வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்க இப்போது யாரும் வீட்டுக்குள் வர வேண்டியதும் இல்லை. ரேஷன் கடையில் அரிசி வாங்கினால் எந்த நம்பருக்குக் குறுஞ்செய்தி போகிறது? ஸ்மார்ட் கார்டில் அந்த அம்மாவின் பழைய நம்பரே இருந்தால், நீங்கள் பருப்பு வாங்கியது தென்காசியில் தெரியும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் எண் அந்த அம்மாவின் போனுக்குப் போனால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரேஷன் கார்டில் பெயர் நீக்கலும் நம்பர் மாற்றமும் ஆன்லைனிலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ செய்யலாம், கேஸ் ஏஜென்சியில் நம்பர் மாற்றலாம். கணவரின் போனில் எடுக்கும் போட்டோக்கள் பழைய கூகுள் கணக்கு வழியாக அவர் போனிலும் போய் விழுகின்றனவா என்று பாருங்கள். வாசலில் கேமரா இருந்தால் அதன் ஆப் யார் யார் போனில் திறந்திருக்கிறது என்று பார்த்துப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்.ஐ.சி. பாலிசியிலும் பேங்க் கணக்கிலும் நாமினி பெயர் விவாகரத்து ஆனதும் தானாக மாறாது, அதையும் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். சாவி விஷயத்தில் என் யோசனை: கணவர் கேட்டு வாங்கட்டும், வாங்கின பிறகும் பூட்டை மாற்றிவிடுங்கள். நம்பிக்கை இல்லாததால் என்று நினைக்க வேண்டாம். எத்தனை சாவி எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வீடியோ கால் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் வரும். பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் நடக்கும். பின்னால் நைட்டியோடு நீங்கள் போவீர்கள், கட்டிலில் கணவர் படுத்திருப்பார், எல்லாம் அந்தப் பக்கம் தெரியும். அம்மாவோடு பேச ஒரு நேரமும் ஒரு இடமும் வையுங்கள். மொட்டை மாடியோ, அவள் படிக்கும் மேஜையோ. கதவைச் சாத்திக்கொண்டு பேசட்டும், நீங்கள் காது கொடுக்காதீர்கள். அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் என்ன பேச்சு என்பது அவர்களுடைய அந்தரங்கம். நீங்கள் கேட்கும் மரியாதையை அவளுக்கும் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமான முதல் வருஷம். மகனுக்கு அப்போது ஏழு வயது. ஞாயிறு ராத்திரி அவன் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்பேன். 'அங்க என்னப்பா சாப்பிட்ட? யாரு வந்திருந்தா? அம்மா என்ன சொன்னா?' பிரியமாகக் கேட்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் சொதிச் சோற்றைப் பிசைந்தவன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். 'சித்தி, இதெல்லாம் நான் சொல்லணுமா? அங்கயும் கேக்காங்க.' தட்டில் சோறு அப்படியே இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை வாரத்துக்கு இரண்டு தடவை இரண்டு பக்கமும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அன்றைக்கு நிறுத்தினேன். 'சாப்பிட்டியா, தூக்கம் வருதா' என்பதற்கு மேல் கேட்கவில்லை. நாலைந்து மாதம் போனதும் அவனாகவே சொல்லத் தொடங்கினான். அவனாகச் சொன்னதை நானும் யாரிடமும் எடுத்துக்கொண்டு போனதில்லை.

உங்கள் மகளுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும். 'அம்மாகிட்ட இங்க நடக்கிறதைச் சொல்லாத' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளையின் தலையில் ரகசிய மூட்டையை ஏற்றுவது பாவம். அவள் சொல்லக் கூடாத விஷயம் என்று ஒன்று இருந்தால், அது அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை. கர்ப்ப விஷயம் இப்போது தெரிந்துவிட்டது. அதனால் மகளுக்கு நீங்களும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து, உங்கள் வாயால், சீக்கிரமே சொல்லிவிடுங்கள். தென்காசியில் வைத்து முதலில் கேள்விப்பட்டாள் என்றால் மனசு உடைந்துவிடும்.

மாமியாரைப் பற்றி. அவர் முதல் மருமகளோடு பல வருஷம் ஒரே அடுக்களையில் நின்றவர். விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டது அவர் இல்லையே. அந்தப் பிரியத்தை அறுக்கச் சொல்லிக் கேட்டால் நீங்கள் தோற்பீர்கள், கேட்பதும் நியாயம் இல்லை. அவர்கள் கோயிலில் பார்க்கட்டும், தென்காசிக்கே போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டும், போனில் மணிக்கணக்காகப் பேசட்டும். உங்கள் அறைக் கதவையும் உங்கள் உடம்பு விஷயத்தையும் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கக் கூடாது. இதையும் மகன்தான் தாயிடம் சொல்ல வேண்டும். 'பால் காய்ச்சின வீடு' என்று அவர் திரும்பச் சொன்னால் பதிலுக்கு வாதாட வேண்டாம், பால் காய்ச்சினது உண்மைதானே.

அந்த முதல் மனைவியை நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? அநேகமாக 'அக்கா' என்று. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், பிறகு மாற்றினேன். நம்ம ஊரில் ஒரே வீட்டில் 'அக்கா', 'தங்கச்சி' என்றாலே மூத்தாள், இளையாள் என்ற பழைய கணக்கு ஒட்டிக்கொண்டு வருகிறது. மூத்தவளுக்கு வீட்டில் முதல் உரிமை என்ற நினைப்பும் கூடவே வருகிறது. 'பாப்பாவோட அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், மரியாதையும் இருக்கிறது, உறவு எதில் நிற்கிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. நேரில் 'வாங்க', 'இருங்க' போதும்.

கொடுக்க வேண்டியதைத் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போகும்போது, 'நான் பத்து வருஷம் பொங்கலிட்ட சாஸ்தா' என்று அவரும் வந்து நின்றால் முகம் சுளிக்காதீர்கள். சாஸ்தா கோயில் உங்கள் வீட்டு அரங்கு இல்லை. பிள்ளைக்குக் காதுகுத்து ஆகியிருக்கும், ஆனால் அவள் பெரியவளாகும்போது தாய்மாமன் சீர் வரும். அந்தத் தாய்மாமன் உங்கள் கணவரின் முதல் மச்சினர்தான், வேறு யாரும் அந்த இடத்துக்கு வர முடியாது. உங்கள் கூடப்பிறந்த அண்ணன் தம்பியை அங்கே உட்கார வைக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அவர்கள் பாசமாகச் சீர் செய்யட்டும், தாய்மாமன் இடம் அவருக்கு. அப்படிப்பட்ட விசேஷத்தை மண்டபத்தில் வைத்துக்கொண்டால் வீட்டுக் கேள்வியே எழாது. தீபாவளிக்குக் காலை எண்ணெய்க் குளியல் ஒரு வீட்டில், சாயந்திர வெடி இன்னொரு வீட்டில் என்று முறை வைத்துக்கொள்ளலாம், அதில் சிரமம் ஒன்றும் இல்லை.

இதைப் படிப்பவர்களில் எதிர்ப்பக்க நிலைமையில் இருப்பவர்களும் உண்டு, அவர்களுக்கும் ஒரு சொல். மனைவியின் முதல் கணவர் பிள்ளையைப் பார்க்க வருகிறார் என்றால் தெருக்காரர்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள், வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று. அந்தப் பேச்சின் சுமை முழுக்கப் பெண்ணின் தலையில்தான் விழும். அங்கே வீட்டுக்கு வெளியே பொது இடத்தில் பிள்ளையை ஒப்படைப்பதுதான் நல்லது. கொக்கிரகுளம் அறிவியல் மையமோ, பாளை வ.உ.சி. மைதானப் பக்கமோ, பிள்ளையின் தாய்வழித் தாத்தா வீடோ. அறிவியல் மையத்தில் ஒரு அப்பாவும் மகனும் இரண்டு மணி நேரம் சந்தோஷமாகச் சுற்றிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஹாலில் மூன்று பெரியவர்கள் வாய் மூடி உட்கார்ந்திருக்க, நடுவில் அந்தப் பிள்ளை படும் பாட்டுக்கு அது ஆயிரம் மடங்கு மேல். அப்புறம், வருபவர் குடித்துவிட்டு வந்தாலோ, மிரட்டினாலோ, பின்தொடர்ந்தாலோ அது எல்லை பேசும் விஷயமே இல்லை. பெண்கள் உதவி எண்ணான 181க்குக் கூப்பிடுங்கள், அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். சமரசத்துக்கு அங்கே இடம் கிடையாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று நாலு வெள்ளிக்கிழமை கஷ்டமாக இருக்கும். அந்த அம்மாவின் முகம் வாடும், ஒரு வார்த்தை குத்தலாக வரும். 'இப்ப நான் விருந்தாளி ஆயிட்டேனோ' என்பார். பதில் சொல்லாதீர்கள், கணவர் இருக்கட்டும், அவர் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். அடுக்களைக்குள் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம், அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போகவும் வேண்டாம். 'வாங்க' என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அவரும் ஒரு வீட்டை இழந்தவர். அந்தச் சமையல் மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் நின்று சொன்னவர் அவராக இருக்கலாம். அவர் வருத்தத்தை நீங்கள் தீர்க்க முடியாது. அதைப் பார்த்துப் பயந்து பீரோவையும் திறந்துவிட வேண்டாம்.

ஆறேழு மாதத்தில் பிள்ளை பிறக்கும். 'தம்பிப் பாப்பாவை அம்மாவுக்குக் காட்டணும்' என்று மகள் நிச்சயம் கேட்பாள். தங்கச்சியாக இருந்தாலும் கேட்பாள். முடியாது என்று சொல்லாதீர்கள். உடம்பு தேறி, நீங்கள் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மகள் மடியிலேயே பிள்ளையைக் கொடுத்து ஹாலில் அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள், அவள் காட்டட்டும். எந்த வெள்ளிக்கிழமை என்று நீங்கள் சொல்லுங்கள். மாமியாரோ கணவரோ நாள் குறிக்க வேண்டாம்.